முதல் 14 நாள்: மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரக் கோயில் நிர்வாகங்களுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

செய்யாத குற்றத்துக்குத் தண்டனை விழுந்தால் தோட்டத்துக் குடும்பம் முதலில் வந்து நிற்பது உங்களிடம்தான். ஒய்.பி.யை (தொகுதியின் மக்கள் பிரதிநிதியை) பார்க்கச் சொல்கிறீர்கள், வக்கீலுக்கு நன்கொடை திரட்டுகிறீர்கள். நல்ல மனசுதான். ஆனால் அதற்குள் கெடு முடிந்துவிடுகிறது.

மாஜிஸ்திரேட் அல்லது செஷன்ஸ் நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக, தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் மேல்முறையீட்டு நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். அதற்காக உயர் நீதிமன்றம் இருக்கும் ஊருக்கு ஓட வேண்டாம். வழக்கு நடந்த நீதிமன்றத்தின் பதிவகத்திலேயே கொடுக்கலாம். காரணங்களை அப்போதே விரித்து எழுத வேண்டியதில்லை. வக்கீல் கிடைக்கவில்லையா? சிறையில் இருப்பவர் கெடுவுக்குள் சிறை அதிகாரியிடம் வாயால் சொன்னாலும் செல்லும். அதை அவர் நீதிமன்றத்துக்கு அனுப்பியாக வேண்டும். முதல் தடவை பார்க்கப் போகும்போதே வீட்டார் இதைச் சொல்லட்டும். அழுகையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்த சிக்கல் முகவரி. வழக்குக் குறிப்புகளும் (நீதிமன்றத்தில் நடந்ததன் பதிவு) தீர்ப்புக்கான காரணங்களும் நோட்டீஸில் கொடுத்த முகவரிக்குத்தான் வரும். அவை சேர்ப்பிக்கப்பட்ட 14 நாளுக்குள், காரணங்களை விரித்து எழுதும் மேல்முறையீட்டு மனு போகாவிட்டால், மேல்முறையீட்டை மீட்டுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். லயத்து வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) முகவரி போட்டால் கடிதம் தோட்ட ஆபீஸ் மேசையில் கிடக்கும். கோயில் முகவரியைக் கொடுங்கள். தபாலுக்கு ஓர் ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

மேல்முறையீடு போட்டதாலேயே தண்டனை நின்றுவிடாது. நிறுத்திவைக்கும்படியும் ஜாமீன் தரும்படியும் தனியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் சில மாதத் தண்டனை, மேல்முறையீடு விசாரணைக்கு வருமுன்பே முடிந்துவிடலாம்.

இன்னொன்று. “ஒத்துக்கொள்ளுப்பா, அபராதத்தோடு போயிடும்” என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். இதைச் சொல்வது பெரும்பாலும் நம் பெரியவர்களே. குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவையும் அது சட்டப்படி சரியா என்பதையும் பற்றி மட்டுமே மேல்முறையீடு செய்யலாம். குற்றத்தீர்ப்பையே உடைக்க உயர் நீதிமன்றத்தில் சீராய்வு (கீழ் நீதிமன்றத் தீர்ப்பு முறையானதா என்று ஆராய்வது) கேட்பதுதான் வழி. அப்போது வழக்குக் குறிப்புகளை வரிவரியாகப் பார்க்க வேண்டும்: குற்றச்சாட்டு எந்த மொழியில் வாசிக்கப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா, ஒப்புக்கொண்டால் என்ன ஆகும் என்று அவருக்கு விளக்கப்பட்டதா? தமிழ் மட்டுமே தெரிந்தவரின் வழக்கில் மொழிபெயர்ப்பாளர் பற்றிய குறிப்பே இல்லையென்றால், அந்தப் பக்கத்தை முதலில் வக்கீலிடம் காட்டுங்கள்.

கெடு தாண்டிப்போனாலும் கால நீட்டிப்பு கேட்கலாம். ஆனால் தாமதத்துக்கான காரணத்தைச் சத்தியப் பிரமாணத்தில் எழுத வேண்டும், கொடுப்பது நீதிபதியின் விருப்பம். “ஒய்.பி.யைப் பார்க்கக் காத்திருந்தோம்” என்பது அங்கே எடுபடுவது கடினம்.

இப்படிக்கு,
சட்ட உதவித் தொண்டர்கள்