டிக்கெட்டை ஆகஸ்டுக்கு மாற்று

ஸ்காபரோ, ரொறன்ரோ, கனடா,
ஏப்ரல் 27

அன்புள்ள மச்சான் தேவனுக்கு,

உன் கடிதமும் படமும் கிடைத்தன. கிணற்றடியில் நிற்கிற அந்த நரைத்த தாடிக்காரன் நீதான் என்று மனைவி சொன்ன பிறகுதான் நம்பினேன். என் தலையில் எத்தனை மயிர் மிஞ்சியிருக்கிறது என்பதை நீ வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மகன் புதிய இயந்திரம் பூட்டி வள்ளம் இறக்கிவிட்டான் என்று வாசித்தபோது மனம் நிறைந்துவிட்டது. இங்கே மூத்தவளுக்கு இரண்டாவதும் பெண். பெயர் வைப்பதற்குள் இரண்டு வீட்டாருக்கும் இடையில் சண்டை மூண்டுவிட்டது; நான் அந்தப் பக்கம் போவதே இல்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. மற்றபடி நலம்.

மே 14 இல் டிக்கெட் பார்க்கிறேன், படகைத் தயாராக வை, வந்திறங்கிய மறுநாளே பாயை ஏற்றுவோம் என்று எழுதியிருக்கிறாயே, அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம். தொலைபேசியில் சொன்னால் நீ சிரித்துவிட்டு வேறு கதைக்குத் தாவிவிடுவாய். மச்சான், மே மாதத்தில் வராதே. பேத்தியைப் பார்க்க, விருந்துக்கு, கோயிலுக்கு என்றால் எப்போது வேண்டுமானாலும் வா. ஏரிக்கு என்றால் மே வேண்டாம்.

ஏரி என்றதும் உன் கண்ணில் இரணைமடுக் குளம் தெரியும். எனக்கும் வந்த புதிதில் அப்படித்தான் தெரிந்தது. ஒன்ராறியோ ஏரியின் நீளம் 311 கிலோமீட்டர், அகலம் 85. நம்முடைய யாழ்ப்பாண மாவட்டத்தைப் போலப் பதினெட்டை அதற்குள் இறக்கிவைக்கலாம். ஆழமான இடத்தில் 244 மீட்டர். நீயும் நானும் தொழில் செய்த பாக்கு நீரிணையில் இதில் பாதி ஆழத்தைக்கூட நாம் கண்டதில்லை. வடகரையில் எங்கள் ஸ்காபரோ செங்குத்துக் களிமண் மேடுகள் இருக்கின்றன, உயர்ந்த இடத்தில் 90 மீட்டர் வரும். அதன் மேல் ஏறி நின்றாலும் சாதாரண நாளில் அக்கரை தெரியாது. 1793 இல் ஆளுநரின் மனைவி எலிசபெத் சிம்கோ இந்த மேட்டைப் பார்த்துவிட்டுத் தன் நாடான இங்கிலாந்தின் ஸ்காபரோவை நினைத்து இந்தப் பெயரை வைத்தாராம். ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த வியாதி எப்போதும் இருந்திருக்கிறது.

இந்த ஆழம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். சித்திரையில் நம் கடலில் கால் வைத்தால் 29, 30 பாகை செல்சியஸ் இருக்கும். இங்கே இன்று காலை வெளியே 19 பாகை. செர்ரி மரங்கள் மொட்டுவிட்டிருக்கின்றன, பக்கத்து வீட்டுப் பையன்கள் அரைக்காற்சட்டையோடு திரிகிறார்கள். தண்ணீர் 4 பாகை. எழுத்துப் பிழை இல்லை, நான்குதான்.

ஏன் என்று கேட்பாய். நன்னீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் இலேசாகும், சூடானாலும் இலேசாகும். பனிக்காலம் முடிகிறபோது ஏரி முழுவதும் அந்த நான்குக்குக் கீழே கிடக்கிறது. வெயில் மேற்பரப்பைச் சூடாக்கி நான்கை எட்டச் செய்தவுடன் அந்தத் தண்ணீர் கனத்து அடியில் போகிறது, அடியில் கிடந்த குளிர்நீர் மேலே வருகிறது. வெயில் எவ்வளவு கொட்டினாலும் ஏரி விழுங்கிக்கொண்டே இருக்கும். கரையோரத்து ஆழமற்ற தண்ணீர் மட்டும் இந்த வேலையைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு எட்டு, பத்து என்று ஏறத் தொடங்கும். கரையோரச் சூட்டுக்கும் நடுவேரிக் குளிருக்கும் நடுவில் 4 பாகை நீர் ஒரு சுவர்போல மேலிருந்து அடிவரை நிற்கும். காற்றில்லாத நாளில் அந்த இடத்தைக் கண்ணாலேயே காணலாம்: நுரையும் சருகும் குச்சியும் ஒரு கோடாகச் சேர்ந்து கிடக்கும். நாள் போகப் போக அந்தக் கோடு வெளியே நகர்ந்து, ஜூன் நடுவில் அல்லது கடைசியில்தான் கரைந்துபோகும். உப்புக் கடலில் இந்த விளையாட்டு கிடையாது. அதனால்தான் நம்முடைய அறுபது வருட அனுபவம் இங்கே செல்லாக்காசு.

அது செல்லாக்காசு என்று நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை உனக்கு இதுவரை சொல்லவில்லை. வெட்கம்தான் காரணம்.

படகு வாங்கிய முதல் வருடம். மே நடுப்பகுதி, நல்ல வெயில், 26 பாகை. மேலே மெல்லிய சட்டை. உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு மெத்தையாகப் போட்டிருந்தேன். வல்வெட்டித்துறைக்காரனுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க இவர்கள் யார் என்ற திமிர். வெளியே போகக்கூட இல்லை, துறைமேடையில் கட்டிய கயிற்றைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது கால் வழுக்கிப் படகுக்கும் மேடைக்கும் நடுவில் விழுந்தேன். நீந்துவது இருக்கட்டும், மூச்சே என் கையில் இல்லை. நெஞ்சு தானாக இழுத்தது, வாய் தானாகத் திறந்தது, திறந்த வாய்க்குள் தண்ணீர் போனது. ஐந்து அடி தூரத்தில் ஏணி. ஏணி தெரிகிறது, விரல்கள் அதைப் பிடிக்கவில்லை. பக்கத்துப் படகுக்காரர், பின்லாந்திலிருந்து வந்த கிழவர், கொக்கித் தடியால் என் சட்டைக் கழுத்தைக் கோத்து இழுத்தார். மேலே ஏற்றியபின் ஒரு போர்வையை எறிந்துவிட்டு, "இது கடல் இல்லை" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

அவர்தான் பின்னர் ஒரு கணக்குச் சொல்லித் தந்தார், மனிடோபாப் பல்கலைக்கழகத்தில் குளிரை ஆராய்கிற கோர்டன் கீஸ்பிரெக்ட் என்ற பேராசிரியரின் கணக்கு. ஒன்று, பத்து, ஒன்று. குளிர்நீரில் விழுந்தவனுக்கு மூச்சைத் தன் வசப்படுத்த ஒரு நிமிடம். கையும் காலும் சொன்னபடி கேட்கப் பத்து நிமிடம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். அந்த முதல் நிமிடத்தில் தலையைத் தண்ணீருக்கு மேல் வைத்திருப்பது அங்கிதான். விழுந்த பிறகு எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது கனவு. இப்போது நான் ஏப்ரல், மே மாதங்களில் மேடையில் கால் வைக்கும்போதே அங்கியைப் பூட்டிவிடுவேன். உன் மகனுக்கும் சொல். அவன் கடலில் குளிர் இல்லை என்பது உண்மை, ஆனால் விழும்போது தலை அடிபட்டால் எந்தக் கடலும் ஒன்றுதான்.

காற்றைப் பற்றி நீ கேட்டிருந்தாய். நம்முடைய பெயர்களையே இங்கேயும் வைத்துக்கொண்டேன், வாய்க்கு அவைதான் வருகின்றன. இளவேனிலில் பயப்பட வேண்டியது கொண்டலுக்கு. கிழக்கே கிங்ஸ்டன் பக்கத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தடையின்றி ஓடி வருகிற காற்று எங்கள் மூலையில் தன் அலைகளையெல்லாம் கொண்டுவந்து குவிக்கும். கடலின் அலை நீளமானது, வள்ளம் ஏறி இறங்க நேரம் கொடுக்கும். ஏரியின் அலை குறுகி, நெருங்கி, சுவர்போல எழும்பும். படகின் முன்முனையான அணியம் ஒன்றிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது முகத்தில் அடித்துவிடும். மேற்கிலிருந்து வருகிற கச்சான் வேறு விதமான கள்ளன். (இங்குள்ள பிள்ளைகளுக்குக் கச்சான் என்றால் வறுத்துத் தின்கிற கடலை மட்டும்தான்.) தரையிலிருந்து வருவதால் மேட்டின் அடியில் தண்ணீர் தட்டையாகக் கிடக்கும். அந்தத் தட்டையை நம்பி வெளியே போனால் திரும்பி வரும்போதுதான் தெரியும்.

இன்னொன்று எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது. மேலே சூடான காற்று, கீழே குளிர்ந்த தண்ணீர் என்றால் கீழ்க்காற்று கனத்துத் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும், மேல்காற்று அதன் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். பாய்மர உச்சியில் காற்றுக்காட்டி துடிக்கும்; கீழே உன் பீடிப் புகை நேராக மேலே போகும். அப்படிப்பட்ட நாளில் தென்கரை, தெரியவே கூடாத அமெரிக்கக் கரை, அடிவானத்துக்கு மேல் தூக்கிவைத்ததுபோல மிதந்து தெரிவதும் உண்டு. அழகுதான். ஆனால் ஈரமான சூட்டுக்காற்று வந்து அந்தக் குளிர்நீரைத் தொட்டால் மூடுபனி.

போன வருடம் மே மாதத்தில் அதில் மாட்டிக்கொண்டேன். மருமகனும் கூட இருந்தான். கரை தெளிவாகத் தெரிந்தது, தேநீர் ஊற்றிக் குடித்து முடிப்பதற்குள் கரை இல்லை, பிறகு அணியமே இல்லை. கைபேசியில் வரைபடம் இருக்கிறது, திசைகாட்டியும் இருக்கிறது, இருந்தாலும் மச்சான், எதிரே வேறொருவன் இதேபோல வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தால்? நிமிடத்துக்கொருமுறை ஊதியை அழுத்திக்கொண்டு, இயந்திரத்தை மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தோம். ரூஜ் ஹில் பக்கம் தண்டவாளம் கரையை ஒட்டியே ஓடுகிறது. அந்த ரயிலின் சத்தம் காதுக்கருகில் வருவதுபோலக் கேட்டது. குளிர்நீரின் மேல் சத்தம் நெடுந்தூரம் போகும், ஆகவே கிட்டத்தில் கேட்கிறது என்று நம்பி வேகம் கூட்டவும் முடியாது. நம் ஊரில் கோயில் மணியைக் கேட்டுக் கரை பிடித்தது நினைவுக்கு வந்தது. மருமகன் அதற்குப் பிறகு படகுப் பக்கம் வரவில்லை.

இந்த வருடம் படகு இன்னும் தரையில்தான் நிற்கிறது. மே முதல் சனிக்கிழமை பாரந்தூக்கி வரும். அடிக்குப் பூச்சுப் பூசிவிட்டேன், குழாய்களுக்குள் உறையாதிருக்க ஊற்றிய இளஞ்சிவப்புத் திரவத்தைக் கழுவிவிட்டேன். போன முறை செய்த பிழையை இம்முறை செய்யமாட்டேன். குளிர்காலத்துக்காகத் திறந்துவிட்டிருந்த அடிக்குழாய் ஒன்றை மூட மறந்துபோனேன். படகைத் தண்ணீரில் இறக்கினார்கள், கால் நனைந்தது. நல்லவேளை பாரந்தூக்கிக்காரன் பட்டியைக் கழற்றவில்லை. எல்லாரும் பார்க்கப் படகு மறுபடி ஆகாயத்துக்குப் போனது, பின்பக்கத்தால் தண்ணீர் ஒழுக ஒழுக.

ஏரியின் மட்டம் இப்போது ஏறிக்கொண்டிருக்கிறது. கடலைப்போல வற்றுப் பெருக்கு என்று சொல்லுமளவுக்கு இங்கே எதுவும் இல்லை. ஆனால் வருடத்துக்கு ஒரு பெருக்கு உண்டு. பனி உருகி, மழை பெய்து, நயாகராவால் மேல் ஏரிகளின் தண்ணீரும் வந்து சேர்ந்து ஜூன் அளவில் உச்சம் தொடும். 2017 இல் அது அளவு மீறிப் போய் ரொறன்ரோத் தீவுகள் வெள்ளத்தில் மூழ்கின. மே மாதம் மூடிய தீவுப் பூங்காவை ஜூலை கடைசியில்தான் திறந்தார்கள். 2019 இல் அதையும் விஞ்சியது. எங்கள் மிதவை மேடை கம்பத்தின் உச்சிவரை ஏறிவிட்டது, நாங்கள் இறங்க வேண்டிய பலகையில் மேலேறிப் போனோம். கோர்ன்வோல் அருகே சென் லோரன்ஸ் ஆற்றில் அணைக்கட்டு இருக்கிறதே, திறந்துவிடக் கூடாதா என்று இங்கே எல்லாரும் ஏசினார்கள். நானும் ஏசினேன். திறந்தால் கீழே ஏற்கெனவே ஒட்டாவா ஆற்றின் பெருக்கில் தவிக்கிற மொன்றியல்காரன் மூழ்குவான் என்பது பிறகுதான் தெரிந்தது. மேட்டுக் காணிக்காரனுக்கும் பள்ளக் காணிக்காரனுக்கும் நடக்கிற வாய்க்கால் வழக்குப் போலத்தான்.

நீ என்ன பதில் எழுதுவாய் என்பது எனக்குத் தெரியும். நம்மூரில் கட்டிய பாய்க்கப்பல் அன்னபூரணி அட்லாண்டிக்கையே தாண்டி அமெரிக்காவின் குளொஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தாள், நீ ஒரு குளத்துக்குப் பயப்படுகிறாய் என்பாய். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைச் சொல்லித்தானே நீ எல்லா வழக்கையும் வெல்கிறாய். தேதியைப் பார், 1938 ஆகஸ்ட் 1. நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் அகதிகளாக வந்து உயிர்காப்புப் படகுகளில் மிதந்த நம் சனங்கள் 155 பேரை மீனவர்கள் கண்டெடுத்ததும் 1986 ஆகஸ்டில். அவர்கள் ஏப்ரலில் அந்தத் தண்ணீரில் விடப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இந்த மாதம் வரும்போதெல்லாம் யோசிப்பேன். அவர்களில் ஒருவரைக் கலியாண வீட்டில் சந்தித்தபோது கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஆகவே ஆகஸ்டில் வா. அப்போது தண்ணீர் 20 பாகையைத் தாண்டியிருக்கும், நீயும் குதிக்கலாம். அப்போதும் ஒரு கள்ளத்தனம் உண்டு: கச்சான் இரண்டு நாள் விடாமல் அடித்தால் சூடான மேல்நீர் காற்றுக்கு வலப்பக்கமாக, அதாவது தெற்கே, தள்ளப்பட்டு, அடிக்குளிர் எங்கள் கரையில் மேலே வந்துவிடும். நேற்றுக் குளித்த இடத்தில் இன்று கால் வைக்க முடியாது. அப்படி வந்தால் மூன்று நாள் வீட்டிலிருந்து சீட்டு விளையாடுவோம். மற்ற நாட்களில் விடிய ஐந்து மணிக்குப் போய் மேட்டின் கீழே பாயை விரித்து, நீர்க்காகங்கள் வரிசையாகப் பறப்பதைப் பார்த்துக்கொண்டு, உன் பொய்களையெல்லாம் முதலிலிருந்து கேட்கிறேன். சுக்கான் உன் கையில். அங்கி போடமாட்டேன் என்று மட்டும் சண்டை பிடிக்காதே, பின்லாந்துக்காரர் இன்னும் பக்கத்து மேடையில்தான் இருக்கிறார். வயது எண்பத்தொன்று, கொக்கித் தடியும் இருக்கிறது.

மனைவி ஒடியல் மா கேட்கிறாள், இரண்டு கிலோ. இங்கே கடையில் விற்கிறதில் பழைய வாசம் அடிக்கிறதாம். கூழுக்கு மீன் என் பொறுப்பு. ஏரி மீனில் கூழ் காய்ச்சுவதா என்று நீ முகம் சுளிப்பாய், சுளி. உப்பைக் கொஞ்சம் கூடப் போட்டால் உனக்கு வித்தியாசம் தெரியாது என்று இங்கே பந்தயம் கட்டியிருக்கிறேன்.

டிக்கெட் மாற்றியதும் தேதியை எழுது.

அன்புடன்,
உன் பாலன்