ஒரே 26 பாகையில் இரண்டு கம்பிகள்

பேராதனை,
ஞாயிறு இரவு

அன்பின் சாந்தி,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. சின்னவளுக்குப் பல்லுக்குக் கம்பி போட்ட கதையை வாசித்துச் சிரித்தேன். "நீ நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டு அழுவது இந்தக் கம்பியைத்தானா?" என்று கேட்டிருந்தாய். ஆமாம், அதே குடும்பம்தான். நிக்கலும் தைத்தேனியமும் ஏறக்குறையச் சரிபாதி சேர்ந்த கலப்புலோகம். சாதாரண உருக்குக் கம்பி ஒரு சதவீதம் நீளும் முன்பே பழைய நிலைக்குத் திரும்ப முடியாமல் போய்விடும். இது ஆறேழு சதவீதம் நீண்டாலும் திரும்பி வரும். ஐஸ் தண்ணி குடித்தால் வலி குறைகிறது என்று அவள் சொல்வது சாட்டு இல்லை. குளிரில் கம்பி இளகித்தான் போகும். அதைச் சொல்லி ஐஸ்கிரீம் கேட்டால் நான் பொறுப்பில்லை.

நான் செய்வது கம்பி இல்லை, கம்பிக்குக் கணக்கு. இவ்வளவு இழுத்து இவ்வளவு சூடாக்கினால் எவ்வளவு நீளும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இழுத்து நீண்ட கம்பி சூடு பட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புவதை அம்மாவுக்கு விளங்கப்படுத்த, முறுக்கிக் காய்ந்த தேயிலை கொதிநீர் பட்டதும் மறுபடி இலையாக விரிகிறதே, அதுபோல என்றேன். "நமக்குத் தருகிற டஸ்ட் தூளில் எங்கே இலை விரியுது?" என்று கேட்டார். அதுவும் சரிதான்! ஃபேக்டரியில் வேலை செய்யும் மாமாவிடம் கொஞ்சம் பெரிய இலைத் தேயிலை வாங்கித்தான் காட்டினேன். ஆனால் இலை ஒரு தடவைதான் விரியும். கம்பியோ மறுபடி குளிரவைத்து இழுத்தால் நீளும், மறுபடி சுட்டால் சுருங்கும்.

சிக்கல் என்ன தெரியுமா? எங்கள் கம்பியைக் குளிர்விக்கும்போது 18 பாகை செல்சியஸில் அதன் உள்கட்டமைப்பு மாறத் தொடங்கி 9 பாகையில் முடியும். திரும்பச் சூடாக்கினால் அதே வழியில் வராது; 34 தாண்டித்தான் தொடங்கும், 49இல்தான் முடியும். போன தை மாதம், நுவரெலியாவில் பனி கொட்டிய கிழமை, வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதே, அதன் மேல் ஒரு துண்டுக் கம்பியை இரவு முழுக்க வைத்தேன். விடிய ஐந்து மணிக்கு வெப்பமானி 6 காட்டியது. சட்டைப் பையில் போட்டால் உடம்புச் சூட்டில் மாறிவிடுமோ என்ற பயத்தில், லஞ்ச் ஷீட்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக் கண்டி பஸ் ஏறினேன்.

இங்கே வந்ததும், கொதிநீரில் போட்டெடுத்து ஆறவிட்ட இன்னொரு துண்டை அதன் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் அரை மில்லிமீற்றர் தடிப்பு, முப்பது சென்ரிமீற்றர் நீளம். இரண்டும் இப்போது 26 பாகை. இரண்டிலும் இரண்டரைக் கிலோ தொங்கவிட்டேன். கொதிநீர் கண்டது அசைந்ததாகவே தெரியவில்லை. நுவரெலியாக் குளிர் கண்டது சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்கு நீண்டது! அப்புறம் அதன்மேல் கேத்தல் தண்ணீரை ஊற்றினேன். அந்த இரண்டரைக் கிலோவையும் தூக்கிக்கொண்டு சுருங்கியது. இப்போது எத்தனை பாகை என்று மட்டும் கேட்டால் போதாது, எங்கிருந்து வருகிறாய் என்றும் கேட்க வேண்டும்.

என் கணினிக் கணக்கு இதில்தான் கவிழ்ந்தது. தனாகா என்ற ஜப்பானியரின் 1986ஆம் ஆண்டுக் கணக்கு மாதிரியில், கம்பியில் எத்தனை பங்கு மாறியிருக்கிறது என்பதற்கு ஒரே ஓர் எண்தான். குளிரில் முழுதும் மாறிய கம்பிக்கு அந்த எண் ஒன்று. இனி மாற மிச்சம் இல்லை, ஆகவே இழுத்தாலும் அவ்வளவாக நீளாது என்றது கணக்கு. புரோகிராமில்தான் பிழை என்று மூன்று மாதம் வரிவரியாகத் தேடினேன். அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. புரோகிராம் சரி, எண்தான் போதவில்லை. 1993இல் கத்தரின் பிரின்சன் அதை இரண்டாகப் பிரித்திருந்தார்: குளிரால் மாறிய பங்கு, இழுவையால் மாறிய பங்கு.

தோட்டத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தை நினைத்துக்கொள். விடியற்காலையில் எல்லாரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கதைத்துக்கொண்டு நிற்பார்கள். பேர் கூப்பிடத் தொடங்கியதும் அத்தனை முகமும் ஒரே பக்கம் திரும்பும். ஆள் கூடவுமில்லை, குறையவுமில்லை. குளிரில் மாறிய கம்பிக்குள்ளும் அப்படித்தான்: பளிங்கு அடுக்குகள் மாறி மாறி எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்திருப்பதால் வெளியே நீளம் மாறாது. இழுத்தால் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து கம்பி நீளும். சுட்டால் அந்த அடுக்குகளே மறைந்து பழைய வடிவம் வரும். இப்போது என் கணக்கின் வரைபடம் கம்பியில் அளந்ததோடு ஓரளவு ஒத்துப்போகிறது.

அம்மாவுக்கு முழங்கால் வலி கூடியிருக்கிறது, ஆனாலும் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போவதை நிறுத்த மாட்டாராம். தம்பி கொழும்புக் கடையை விட்டு வந்துவிட்டான். சித்திரைக்கு நீ வருவாய்தானே?

வரும்போது ஒரு உதவி. சின்னவளுக்குக் கம்பி மாற்றும்போது பழையதை எறிய விடாதே. கழுவி, ஒரு கடித உறையில் போட்டுக் கொண்டு வா. எத்தனை மாதம் வாயில் இருந்தது என்று உறையின்மேல் எழுதி வை.

அன்புடன்,
மலர்