விட்டா ஆபத்தோ எண்டு ஆர் அளக்கிறது?

தம்பி,

திருநெல்வேலிச் சந்தியில பஸ்ஸுக்கு ஓடேக்க, "அக்கா, அரசியல் கைதியளை விட்டா திரும்ப ஒண்டும் செய்யமாட்டினம் எண்டதுக்கு என்ன உத்தரவாதம்" எண்டு கேட்டிட்டுப் போட்டாய், எனக்கு மூண்டு நாளா அதே யோசினைதான்.

கேள்வி பிழையில்ல. வட அயர்லாந்தில 1998 சமாதான ஒப்பந்தத்துக்குப் பிறகு கைதியளை விடேக்க அதைச் சட்டத்திலயே எழுதிப்போட்டினம். போர்நிறுத்தத்துக்கு வராத ஆயுத இயக்கத்தோட இந்தக் கைதிக்குத் தொடர்பிருக்கோ, வெளிய போய்ச் சேருவாரோ, ஆயுள் தண்டனைக்காரர் எண்டா சனத்துக்கு ஆபத்தோ எண்டு ஒவ்வொரு ஆளா எடுத்துப் பாத்தது தனி ஆணைக்குழு, அதின்ர தலைவர்மார் ரெண்டு பேரில ஒருத்தர் பிரையன் கறின் எண்ட தென்னாபிரிக்க வக்கீல். ரெண்டு வருசத்துக்குள்ள 400 பேருக்கு மேல வெளிய வந்தவை, நிபந்தனையை மீறினா திரும்ப உள்ளுக்கு. அங்கயும் செத்த ஆக்களின்ர குடும்பங்கள் கொதிச்சதுகள்தான், எந்த இயக்கம் போர்நிறுத்தத்தில நிக்குது எண்டு முடிவெடுத்ததும் அரசாங்கம்தான், ஆனா என்ன கேள்வி வரும் எண்டு உள்ள இருக்கிறவனுக்கும் தெரியும் தாய்க்கும் தெரியும்.

இஞ்ச 2009இல சண்டை முடியேக்க சரணடைஞ்ச புலி இயக்கத்து ஆக்கள் ஏறக்குறைய 12,000 பேரைப் புனர்வாழ்வு குடுத்து விட்டவை, துவக்குப் பிடிச்சுச் சண்டைக்குப் போன ஆக்களும் அதுக்குள்ள. அதேநேரம் விளங்காத சிங்களத்தில எழுதின வாக்குமூலத் தாளில ஒப்பம் வைச்ச பெடியள் மறியலில தவணைக்குத் தவணை காத்துக்கிடந்து தலை நரைச்சுப் போனாங்கள், உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் குடுத்த வாக்குமூலம் சாட்சிக்குப் போதும் எண்டு 1979ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம் சொல்லுது. ஆபத்தைத்தான் பாத்தவை எண்டா இது எப்பிடியடா பொருந்தும்?

பிறகு அந்தக் கைதியளில 2021 பொசன் பண்டிகைக்கு 16 பேரையும், 2022 தீபாவளிக்கு முன்னால 8 பேரையும் மன்னிச்சு விட்டவை. அந்த 8 பேரில சிலர் முந்தின ஜனாதிபதி சந்திரிகாவைக் கொல்லப் பாத்த வழக்குக்காரர், 1999இல ஒரு கண்ணை இழந்த மனுசி, அவவே சம்மதிச்சவ. பயப்பிட அவவை விட ஆருக்கு உரிமை?

யாழ்ப்பாணத்து மிருசுவில் கிராமத்தை நினைச்சா எனக்கு நெஞ்சு பத்தும். 2000 மார்கழியில 5 வயசுப் பிள்ளையோட சேத்து 8 பேரைக் கொலை செய்த வழக்கில மரண தண்டனை விழுந்து, 2019இல உயர் நீதிமன்றமும் உறுதிப்படுத்தின இராணுவ சார்ஜன்டை 2020 பங்குனியில ஜனாதிபதி மன்னிச்சு விட்டார். அந்தாள் வெளிய வந்தா அந்த ஊர்ச்சனம் பயமில்லாமப் படுக்குமோ எண்டு எந்தச் சட்டத்தில எழுதிக் கேட்டவை?

நீ அந்த அயர்லாந்துக் கேள்வியளைத் தமிழில ஒரு பக்கத்தில எழுதிக்கொண்டு வா. அடுத்த தவணைக்குப் போற தாய்மாரிட்டக் குடுத்துவிடுவம், வக்கீலிட்டக் காட்டட்டும்.

அக்கா