ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். ரேவதியும் கவினும் நலம்தானே? போனில் பேசினால் "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு கவினைப் பேச விடுகிறாய். பிள்ளையை வைத்துக்கொண்டு எதைப் பேச? அதனால்தான் கடிதம். கேஸ் ஷீட் எழுதிப் பழகிய கை, படிக்க உனக்குச் சிரமம் இருக்காது.

எடை குறைக்கிற ஆபரேஷனைப் பற்றி, "சின்ன ஆபரேஷன்மா, மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிடலாம்" என்றாய். பாதி ஆயுளை சர்ஜிகல் வார்டில் நர்ஸாகக் கழித்தவளிடம் சொல்கிற பேச்சா இது? சின்ன ஓட்டை போட்டுச் செய்வதால் அது சின்ன ஆபரேஷன் ஆகிவிடாது. உனக்குச் சொல்லியிருக்கிற ஸ்லீவ் முறை என்றால் இரைப்பையில் முக்கால் பங்கை வெட்டி வெளியே எடுத்துவிடுகிறார்கள். வேண்டாம் என்று தோன்றினால் அதைத் திரும்ப வைக்க முடியாது. அதற்குப் பிறகு ஆயுசுக்கும் பி12, இரும்பு, கால்சியம் என்று மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும்தான். தலைவலி மாத்திரையையே பாதியில் நிறுத்துகிறவன் நீ.

ஆனால் வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. உயரம் 172, எடை 131 என்று ரேவதி சொன்னாள். அவளைக் கோபிக்காதே, நான்தான் நச்சரித்துக் கேட்டேன். கணக்குப் போட்டுப் பார்த்தேன், உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டுகிற பி.எம்.ஐ. 44 வருகிறது. சர்க்கரையும் இருக்கிறது. ராத்திரி மூச்சு நின்று நின்று வருவதால் மாஸ்க் மாட்டிக்கொண்டு தூங்குகிறாய். 40 தாண்டியவர்களுக்கு, மற்ற வழிகளெல்லாம் பலிக்காவிட்டால், இன்சூரன்ஸ் விதியே இந்த ஆபரேஷனை ஒத்துக்கொள்கிறது. நம் ஆசிய உடம்புக்கு 27.5-லிருந்தே யோசிக்கலாம் என்று 2022-ல் சர்ஜன்கள் சங்கங்களே வழிகாட்டியிருக்கின்றன. ஆகவே இது அழகுக்காகச் செய்வது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதே. உன் பெரிய அத்தை "வாயைக் கட்டினால் போதாதா" என்றாள். நீ வாயைக் கட்டாதவனா? கல்யாணத்துக்கு முந்தின வருஷம் அரிசியே தொடாமல் 18 கிலோ குறைத்தாய். அடுத்த வருஷத்துக்குள் அது வட்டியோடு திரும்பி வந்தது. பசியைத் தூண்டுகிற ஹார்மோன் இரைப்பையின் மேல்பாகத்தில்தான் அதிகம் சுரக்கிறது, ஸ்லீவில் அந்தப் பாகம்தான் போகிறது. உன் அத்தைக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க என்னால் ஆகாது.

எடை குறைக்க வாரம் ஒரு ஊசி வந்திருக்கிறதே, டிர்செபடைட், 2025-ல் இங்கேயும் வந்துவிட்டது, அது போதாதா என்று ரேவதி கேட்டாள். நல்ல மருந்துதான் என்கிறார்கள். ஆனால் நிறுத்தினால் எடை ஏறிவிடுகிறது, மாதாமாதம் செலவு. இருந்தாலும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடு. கேட்பதற்குக் காசா பணமா?

இன்னொன்று. காலேஜ் நாளிலிருந்து உன் சட்டைப் பையில் ஜெலுசில் இருக்கும். ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிச்சல் கூடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்டவர்களுக்கு பைபாஸ் பொருத்தம் என்பார்கள், அதாவது இரைப்பையின் மேலே சின்னப் பை மாதிரி பிரித்து நேரே குடலோடு சேர்ப்பது. உனக்கு ஏன் ஸ்லீவ் சொன்னார்கள் என்று கேள். எண்டாஸ்கோபி பார்த்தார்களா? நெஞ்செரிச்சலை அவர்களிடம் சொன்னாயா? சொல்லியிருக்க மாட்டாய். நீ எதையும் முழுதாகச் சொல்கிறவன் இல்லை, சின்ன வயதிலிருந்தே.

அதனால்தான் அந்த ஃபாரம் விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர் ஒரு ஃபாரம் கொடுப்பார். என்னென்ன மாத்திரை, அலர்ஜி, பழக்கங்கள். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுது.

இங்கே கோவில்பட்டியில் நல்ல மழை. பின்பக்கச் சுவரில் ஓதம் ஏறிவிட்டது, கொத்தனார் இன்றைக்கு நாளைக்கு என்கிறார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு ஐப்பசியில் கல்யாணம், உன்னை விசாரித்தார்கள். உன் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் அந்த வீட்டில் பிள்ளைகளைப் படிக்கச் சொல்கிறார்கள். கவினுக்குக் கடலைமிட்டாய் வாங்கி வைத்திருக்கிறேன். உனக்கும் சேர்த்து வாங்கப் போய், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அப்பா 2024-ல் பேப்பரில் வந்த செய்தியை வெட்டி காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். எடை குறைக்க என்று சென்னையில் ஆபரேஷனுக்குப் போன அந்தப் பிள்ளை இறந்துபோன செய்தி. அவர் உன்னிடம் ஒன்றும் கேட்க மாட்டார். தினமும் தேதி கிழிக்கும்போது அதை எடுத்துப் படிக்கிறார். அனுபவமுள்ள இடங்களில் இதில் ஆயிரத்தில் ஒருவர், இருவர் அளவில்தான் உயிர் போகிறது என்று நான் சொன்னேன். அந்த ஒருவர் யார் என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல?

அதனால் இடம் முக்கியம். ஐ.சி.யூ. உண்டா, ராத்திரியில் சர்ஜன் வருவாரா, தையல் போட்ட இடத்தில் கசிந்தால் அங்கேயே பார்ப்பார்களா, வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்களா என்று கேள். "இந்த மாதம் செய்தால் சலுகை" என்று போன் செய்கிற இடமாக இருந்தால் அந்த வாசலை மிதிக்காதே. உன் மாஸ்க் மெஷினையும் கையோடு கொண்டு போ. அன்று சாயங்காலமே எழுந்து நடக்கச் சொல்வார்கள், காலில் ரத்தம் கட்டிவிடக் கூடாது என்று. வலிக்கிறது என்று படுத்துவிடாதே. வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் வந்தாலோ, பல்ஸ் 120-க்கு மேல் ஓடினாலோ, இடது தோள்பட்டை வலித்தாலோ, கேஸ் என்று நினைத்து ஓமத் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திராதே. ரேவதிக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்.

முந்தின இரண்டு வாரம் கல்லீரல் வீக்கம் குறைய அரிசி, எண்ணெய், இனிப்பு எல்லாம் நிறுத்தச் சொல்வார்கள். உன் ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று எழுதியிருந்ததாம். அது சாப்பாட்டால் மட்டும் வருவதில்லை, செந்தில்.

வார்டில் அட்மிஷன் போடும்போது நான்தான் கேட்பேன், பழக்கம் ஏதும் உண்டா என்று. "எப்பவாவதுதான் சிஸ்டர்" என்பார்கள். பக்கத்தில் நிற்கிற மனைவி தரையைப் பார்ப்பாள். அதோடு ஆபரேஷன் முடியும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்க ஆரம்பிக்கும், வேர்க்கும், சுவரில் யாரோ நடக்கிறார்கள் என்பார்கள், டிரிப்ஸைப் பிடுங்குவார்கள். உண்மையை முன்னாலேயே சொன்னவர்களுக்கு அதற்கான மருந்தைக் கொடுத்துப் பத்திரமாகக் கொண்டுவந்துவிடலாம். சொல்லாதவர்களோடுதான் நாங்கள் ராத்திரி முழுக்கப் போராடியிருக்கிறோம். குடியால் பி1 வைட்டமின் குறைந்த உன் சித்தப்பாவுக்கு ஊசி போட்டது யார் என்று உனக்குத் தெரியும். இந்த ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வாந்தி நிற்காமல் போனால் அதே பி1 குறைந்துவிடுகிறது. குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் அதைத்தான் போட வேண்டும். இரண்டு வழியிலும் அது குறைந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

நீ குடிக்கிறாய் என்று நான் சொல்லவில்லை. பொங்கலுக்கு அங்கே வந்தபோது பால்கனியில் பழைய பேப்பர் கட்டுக்குப் பின்னால் பார்த்ததை நான் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. ரேவதியிடமும் கேட்கவில்லை. நீயும் ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு டாக்டரம்மா சொன்னதை மட்டும் சொல்கிறேன். பைபாஸ் செய்த உடம்பில் மது சீக்கிரம் ஏறுகிறது, அதிகமாக ஏறுகிறது, இறங்க நேரமாகிறது. ஸ்லீவுக்கும் முன் மாதிரி இருக்காதாம். அமெரிக்காவில் 10 ஆஸ்பத்திரிகளில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பின்தொடர்ந்து 2012-ல் ஒரு ஆய்வு வந்தது. முதல் வருஷம் குடிப்பிரச்சினை கூடவில்லை. இரண்டாம் வருஷத்தில் கூடியிருக்கிறது. ஆண்கள், இளவயதுக்காரர்கள், முன்னாலேயே வழக்கமாகக் குடித்தவர்களுக்குத்தான் அதிகமாம். எடை குறைந்து, சட்டை தொளதொளவென்று ஆகி, எல்லாரும் பாராட்டுகிற நேரத்தில்தான் அது வந்து உட்காருகிறது. சாப்பாட்டால் ஆறிக்கொண்டிருந்த மனசு வேறொன்றைத் தேடும் என்று டாக்டரம்மா சொன்னார். அது சரியா தப்பா எனக்குத் தெரியாது. உன் அப்பா வீட்டு ரத்தம் எனக்குத் தெரியும்.

அப்பா நிறுத்திய வருஷம் நீ ப்ளஸ் டூ. அவரை யாரும் திருத்தவில்லை, டாக்டரிடம் அவராகவே போய் உட்கார்ந்தார். அந்த விஷயத்தில் அவரை எனக்குப் பிடிக்கும்.

மனநல டாக்டரையும் பார்க்கச் சொல்வார்கள். அதற்குக் கூச்சப்படாதே, எல்லாருக்கும் சொல்வதுதான். பத்து நிமிஷத்தில் "எல்லாம் நார்மல்" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வராதே. ஃபாரத்தில் "எப்போதாவது" என்று போடாதே. வாரத்துக்கு எத்தனை நாள், ஒரு நாளைக்கு எவ்வளவு என்று எழுது. ஆபரேஷனைத் தள்ளிப்போடச் சொன்னால் தள்ளிப்போடு. ஆறு மாதம் பொறுத்துச் செய்தால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. அவர்கள் சரி என்று சொன்னால் செய்துகொள், நான் கூட இருக்கிறேன். ஃபாரத்தில் மறைத்துவிட்டுப் படுப்பதாக இருந்தால் மட்டும் வேண்டாம். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். 36 வயதுப் பிள்ளைக்கு என் சம்மதம் எதற்கு என்று கேட்பாய். கேள்.

சாப்பாட்டு விஷயத்தை ரேவதி தலையில் முழுதாகக் கட்டாதே. அவளுக்கு வேலையும் இருக்கிறது, பிள்ளையும் இருக்கிறான். முதலில் தெளிந்த நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு குழைந்தது என்று வாரக்கணக்கில் போகும். நான் வந்து பார்த்துக்கொள்கிறேன். முட்டை வெள்ளை, மீன், பருப்பு, பன்னீர் முதலில். சோறு கடைசியில், அதுவும் வயிற்றில் இடம் இருந்தால். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது, அரைமணி கழித்துத்தான். சோடா, கூல்டிரிங்க்ஸ் கூடாது. மற்றதும் கூடாது.

தேதி முடிவானால் பத்து நாள் முன்னாலேயே சொல். முத்துநகர் ரயிலில் கீழ் பெர்த் கிடைப்பது பெரும்பாடு. அப்பாவுக்கு இந்தக் கடிதம் தெரியாது, அவரிடம் கேட்டுவிடாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் சந்தைக்குப் போயிருப்பார், ஒன்பது மணிக்குக் கூப்பிடு. ஸ்பீக்கரில் போடாதே.

அன்புடன்,
அம்மா