குளிர்கால ஓய்வும் இன்ஜின் குளிர்விப்பு நீரும்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், படகு உரிமையாளர்களான உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிக்கவிருக்கிறார். ஆகவே, இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தை மிகுதியாக எடுத்துக்கொண்ட ஒரு பொருளைப் பற்றி மட்டுமே இவ்வறிக்கையில் எழுதியிருக்கிறேன். கரையேற்றி வைத்திருந்த படகுகளைக் குளிர்காலம் கழிந்து தண்ணீரில் இறக்கியபோது, பல உறுப்பினர்களின் இன்ஜின்களில் குளிர்விப்பு நீர் சரிவர ஓடவில்லை. புகைக்குழாயில் தண்ணீர் குறைந்து ஆவி வந்தது. வெப்பமானி முள் ஏறியது.

பெரும்பாலோர் முதலில் சந்தேகப்பட்டது, இன்ஜின் சூடானதும் திறந்து குளிர்விப்பு நீரை அதனுள் சுற்றவிடும் தெர்மோஸ்டாட்டைத்தான். அதைக் கழற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் படகுக்குள் நுழையும் இடத்திலிருந்து அது போகும் வழியே தேடிக்கொண்டு செல்வதே நேரத்தை மிச்சப்படுத்தும் என்பது என் கருத்து. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: இலையுதிர் காலத்தில் மூடிய அடிவால்வை, அதாவது வெளித்தண்ணீரைப் படகுக்குள் விடும் வால்வை, திறக்க மறந்தவர்களும் நம்மில் உண்டு. அடுத்தது வடிகட்டி. அது நீர்மட்டத்துக்கு மேலே பொருத்தப்பட்டிருந்து, மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து சுருங்கியிருந்தால், பம்ப் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் கசியாததால் இந்தக் குறையைக் கண்டுபிடிப்பது கடினம். சந்தேகம் தீர எளிய வழி, பம்புக்குள் நீரைக் கொண்டுவரும் ஹோஸை அடிவால்வை மூடிக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீரில் விட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டுவதாகும். வாளி விரைவாக வற்றினால் பம்பில் குறையில்லை, அடைப்போ காற்றுக் கசிவோ அதற்கு முன்னால் இருக்கிறது. வற்றாவிட்டால் பம்பையும் அதற்கு அப்பால் உள்ளவற்றையும் பார்க்க வேண்டும்.

பம்பில் தேய்வது பெரும்பாலும், சுழன்று தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் கொண்ட ரப்பர் இம்பெல்லரே. மாதக்கணக்கில் அசையாமல் இருக்கும்போது அதன் சில இதழ்கள் வளைந்தபடியே இறுகிவிடுகின்றன. உலர்ந்து பம்பின் உறையோடு ஒட்டிக்கொண்டால், முதல் சுழற்சியிலேயே கிழிகின்றன. தண்ணீரே அதற்கு மசகு என்பதால், வறட்சியாக ஓடினால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே கெட்டுவிடக்கூடும்.

இங்கே என் சொந்தப் பிழையையும் பதிவு செய்கிறேன். என் படகில் கிழிந்த இம்பெல்லரை மாற்றியவுடன் தண்ணீர் நன்றாக வந்தது. அத்தோடு திருப்தியடைந்து, பழையதில் இரண்டு இதழ்கள் குறைவதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டேன். மெதுவாக ஓட்டும்வரை குறை தெரியவில்லை. வேகம் கூட்டினால் மட்டும் வெப்பம் ஏறியது. ஹோஸ், பெல்ட், தெர்மோஸ்டாட் என்று சில வாரங்கள் அலைந்த பிறகுதான், இன்ஜினின் வெப்பத்தை வெளித்தண்ணீருக்குக் கடத்தும் வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களின் வாயை அந்த ரப்பர்த் துண்டுகள் அடைத்திருந்தது தெரிந்தது. இப்போதெல்லாம் பழைய இம்பெல்லரை மேசைமேல் வைத்து, கிடைத்த துண்டுகளைச் சேர்த்து முழு வட்டமாக்கிப் பார்க்காமல் பம்பின் மூடித்தகட்டைத் திரும்பப் பூட்டுவதில்லை.

உறைபனியால் வந்த சேதம் எண்ணிக்கையில் குறைவு, செலவில் அதிகம். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதால் வார்ப்பிரும்பும் வெடிக்கும். கடல்நீரையே நேரடியாகச் சுற்றவிடும் இன்ஜின்களில், உறைதடுப்பு நீர்மத்தை வடிகட்டி வழியே ஊற்றிச் சில நிமிடம் ஓட்டினால் போதும் என்ற நம்பிக்கை நம்மிடையே நிலவுகிறது. இன்ஜின் சூடாகாமல் தெர்மோஸ்டாட் மூடியே இருந்தால், அந்த நீர்மம் இன்ஜினின் உடலான பிளாக்கினுள் சுற்றாமல் பக்கவழியே வெளியேறிவிடும். உள்ளே பழைய தண்ணீர் அப்படியே கிடக்கும். எனவே வடிகால் திருகுகளைக் கழற்றி முதலில் வடிப்பதே பாதுகாப்பு.

படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு இன்ஜின்களுக்குச் சொல்ல அதிகமில்லை. குளிர்விப்பு நீரை வெளியே பீய்ச்சும் துளையில் பூச்சிகள் கூடு கட்டியிருக்கலாம். மெல்லிய கம்பியால் குத்திவிட்டுப் பிறகு பம்பைச் சந்தேகிக்கலாம்.

உதிரி இம்பெல்லர்களைச் சங்கமே மொத்தமாக வாங்கி வைக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு கைவிட்டது. ஒவ்வொரு இன்ஜினுக்கும் அளவு வேறு என்ற மறுப்பு நியாயமானதே. அதற்கு மாறாக, இன்ஜினை ஓட்டும் முன் வால்வைத் திறக்க மறக்காதிருக்க, அடிவால்வை மூடும் ஒவ்வொருவரும் இன்ஜின் சாவியை அந்த வால்வின் கைப்பிடியிலேயே மாட்டிவைக்க வேண்டும் என்ற ஒற்றைத் தீர்மானத்தைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்