சேகர், இந்த முறை பேஸ் கேட்டது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வலது முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடியோடு வாசல்வரை நடக்கிறாய் என்று படித்ததும் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. டிரம்ஸ் பெடலை மிதித்த உன் அந்தக் காலை நம்பித்தானே நான் பத்து வருடம் பேஸ் கிட்டார் வாசித்தேன்!

பதில் தாமதமானதற்குக் காரணம் உண்டு. போன சனிக்கிழமை கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு திடலில் இசை விழா. இளைஞர் குழு ஒன்றின் பேஸ் கலைஞர் மேற்படிப்புக்கு வெளிநாடு போய்விட்டதால் என்னை அழைத்தார்கள். அது முடிந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன், ஏனென்றால் அங்கே நடந்ததை முழுதாகப் புரிந்துகொள்ள உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

1986இல் மதுரைப் பக்கத்துத் திருவிழாக்களில் நாம் வாசித்ததை நினைத்துப் பார். மேடைக்கு இருபுறமும் சவுக்குக் கம்பம், அதன் உச்சியில் குழாய் ஸ்பீக்கர். நான் பகலெல்லாம் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை ஒரு சுரம் பிசகாமல் எடுப்பேன். இரவில் அதே சுரங்களை மேடையில் வாசிப்பேன். ஊரில் ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை. பேஸின் தடித்த கம்பியை விரல் அழுத்தாமல் மீட்டினால் 41 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 41 அதிர்வு. அந்த ஒலியலை ஒன்றின் நீளமே எட்டு மீட்டருக்கு மேல். இரு கைகளுக்குள் அடங்கும் வாயுடைய குழாயால் அதை எப்படி வெளியே தள்ள முடியும்? கம்பியில் விரல் படும் ‘டிக்’ சத்தம் மட்டும்தான் வெளியே போயிருக்கும். எனக்கும் என் வாசிப்பு கேட்காது. உன் வலது கால் பெடலை மிதிப்பதைப் பார்த்துத்தான் விரலை வைப்பேன். என் வாசிப்பில்தான் குறை என்று பல வருடம் நம்பியிருந்தேன்.

இப்போது குறை வேறுவிதம். திடல்களில் ஆள் உயரத்துக்கு சப்வூஃபர்களை, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள ஸ்பீக்கர் பெட்டிகளை, அடுக்கிவிடுகிறார்கள். நெஞ்சு அதிர்கிறது, சட்டை படபடக்கிறது. ஆனால் பேஸ் எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பேஸ் என்பது அதிர்ச்சி அல்ல, அது ஒரு குரல். பாட்டு எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்கிற குரல். அது கேட்காத கச்சேரி எத்தனை சத்தமாக இருந்தாலும் எனக்கு அது பாதிக் கச்சேரிதான்.

அதனால் சவுண்ட் செக்கின்போது குழுவின் கிட்டார் பையனிடம் என் பேஸைக் கொடுத்து, “தடித்த கம்பியை மட்டும் மீட்டிக்கொண்டே இரு” என்று சொல்லிவிட்டுத் திடலுக்குள் இறங்கினேன். மேடையிலிருந்து இருபத்தைந்து மீட்டர், நட்டநடுவில் நின்றேன். பிரமாதம்! வயிற்றுக்குள் யாரோ தம்பூரா வைத்ததுபோல் இருந்தது. அங்கிருந்து வலப்பக்கம் ஒவ்வோர் எட்டாக நகர்ந்தேன். பதினோராவது எட்டில் சுரத்தின் உடம்பு காணாமல் போய்விட்டது. மேலே மெல்லிய தோல் மட்டும் மிஞ்சியது. பையன் அதே வேகத்தில்தான் மீட்டிக்கொண்டிருந்தான். கையைத் தூக்கிக் காட்டி, தடித்ததிலிருந்து எண்ணினால் மூன்றாவதாக வரும் கம்பிக்கு மாறச் சொன்னேன். அதே இடத்தில் அந்தச் சுரம் கணீரென்று நின்றது.

காரணம் பெட்டிகள் நின்ற இடம். மேடையின் இடமும் வலமும் மும்மூன்று சப்வூஃபர்கள், நடுவே பதினான்கு மீட்டர் இடைவெளி. நான் நின்ற இடத்துக்கு ஒரு பக்கத்து ஒலி மற்றதைவிட ஏறக்குறைய நாலேகால் மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து வந்தது. அது 41 ஹெர்ட்ஸ் அலையின் சரிபாதி. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்க, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. மூன்றாவது கம்பியின் அலை குட்டையானது. அதற்கு அதே இடைவெளி ஏறக்குறைய ஒரு முழு அலை, ஆகவே இரண்டும் கைகோத்துக்கொண்டன.

ஒலி அமைப்பைக் கவனித்துக்கொண்டது இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண். நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “வாங்க சார், நானும் நடந்து பார்க்கிறேன்” என்று உடனே இறங்கி வந்தார். நடந்தார், நின்றார், திரும்பி நடந்தார். பிறகு நண்பகல் வெயிலில் ஆறு பெட்டிகளையும் உருட்டி வந்து மேடைக்கு முன்னால் ஒரே வரிசையாக நிறுத்த வைத்தார். வரிசை நீண்டால் ஒலி நடுவிலேயே குவியும் என்பதால், ஓரப் பெட்டிகளுக்குச் சில மில்லி விநாடி தாமதம் கொடுத்து இருபுறமும் விரித்துவிட்டார். மறுபடி பதினொரு எட்டு நடந்தேன். சுரம் என் கூடவே வந்தது. சேகர், எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

இன்னொரு சங்கதி. என் ஆம்பிலிருந்து மிக்சருக்கு வயர் கொடுத்ததும் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், தடித்த கம்பியில் விரல் வைக்கும் மூன்றாவது கட்டத்தில் (ஃப்ரெட்டில்) வரும் ‘ஜி’ 49 ஹெர்ட்ஸ். அதை வாசித்தபோது சுரமும் இரைச்சலும் மோதி, விநாடிக்கு ஒரு தடவை அலைமோதியது. ஆம்பும் மிக்சரும் வெவ்வேறு இடத்தில் எர்த் ஆகியிருந்தன. ஆம்புக்கும் மிக்சருக்கும் நடுவே வைக்கும் டிஐ பெட்டியில் அதற்கென்றே உள்ள சின்ன ஸ்விட்சைத் தள்ளினேன், அடங்கிவிட்டது. அந்த ஸ்விட்ச் சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் விடுவிக்கும், மின்சார எர்த்தைத் தொடாது. அந்தக் காலத்தில் இதே இரைச்சலுக்காக பிளக்கின் மூன்றாவது முள்ளையே வெட்டி எறிவோமே, அதை நினைத்தால் இன்றும் உடல் நடுங்குகிறது. 1972இல் ஸ்வான்சி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் எர்த் சரியில்லாத மைக்கை மேடையில் தொட்டு அங்கேயே உயிரை விட்டார். உன் பேரன் கீபோர்டு வாசிக்கிறான் என்றாயே, அவனிடம் இதை நீயே சொல்.

கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் 300 வாட், தலைப்பகுதி மட்டும் சுமார் 38 கிலோ. இன்று நான் தோள்பையில் வைத்திருக்கும் ஆம்ப் அதைவிடச் சக்தி கூடியது, மூன்று கிலோகூட இல்லை. ஆனாலும் கலைஞன் கேட்பதும் கூட்டம் கேட்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசை அப்படியேதான் இருக்கிறது. கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவினர் 1974இல் அதற்காகவே தங்கள் முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கர்களாலேயே ஒரு சுவரை எழுப்பினார்கள். அவர்களின் பேஸ் கலைஞர் பில் லெஷின் பேஸில் நான்கு கம்பிகளுக்கும் தனித்தனி ஸ்பீக்கர்கள் ஒதுக்க முடிந்தது! சுமந்து மாளாமல் அந்த வருடத்தோடு கைவிட்டார்கள். 2024 அக்டோபரில் லெஷ் காலமானார் என்று படித்த இரவு, விளக்கைப் போடாமல் வெகுநேரம் பேஸை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலை ஏழரைக்கு மேடையேறினோம். கடல்காற்று பலமாக அடித்து, சிம்பலின் ஓசையை அவ்வப்போது வேறு பக்கம் கொண்டுபோனது. பேஸ் அசையவில்லை. மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் பையன் நிறுத்த, நான் மட்டும் எட்டு ஆவர்த்தம் வாசிக்கும் இடம் வந்தது. வலது ஓரத்தில், மதியம் சுரம் தொலைந்த அதே இடத்தில், ஒரு நடுவயதுக்காரர் தோளில் குழந்தையோடு நின்றிருந்தார். நான் வாசிக்க வாசிக்க அவர் உதடு அதே சுரங்களை முணுமுணுத்தது. தாளத்தை அல்ல, சுரங்களை. மேடையிலிருந்து தெளிவாகப் பார்த்தேன்.

இறங்கியதும் அந்தப் பெண்ணிடம் உன்னைப் பற்றிச் சொன்னேன். குழாய் ஸ்பீக்கர் காலத்தில் உன் காலைப் பார்த்தே வாசித்ததைக் கேட்டுவிட்டு, “அவரை ஒருமுறை கூட்டி வாருங்கள், பெடலுக்கு ஒரு நல்ல மைக் வைக்கிறேன்” என்றார்.

ஜனவரி முதல் வாரம் திருச்சி வருகிறேன். என் ஆம்பை மட்டும் எடுத்து வருகிறேன், மற்றதெல்லாம் உன் மாடியில் இருக்கிறது. டாக்டர் சொன்ன பயிற்சியை ஒருநாளும் விடாதே. அந்தப் பழைய பெடல் துருப்பிடித்திருக்கும், எண்ணெய் போட்டு வை.

என்றும் உன்,
ராஜு