கயலுக்கு, கோடைக்கு முன் ஒரு கடிதம்

அன்புள்ள கயலுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. காலையில் மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ சொன்ன ஒன்று என் மனத்தைவிட்டு அகலவில்லை. வரும் ஜூலையில் உன் பள்ளி பேண்டு மாணவர்களை முதன்முறையாக, பித்தளை ஊதிகளும் முரசுகளும் கொடி ஆட்டமுமாகப் பிள்ளைகள் மைதானத்தில் அணிவகுத்து ஆடும் டிரம் கோர் போட்டி ஒன்றுக்கு அழைத்துப்போகப் போவதாகச் சொன்னாய், கேட்டு மகிழ்ந்தேன். ஆனால் மைக்கும் சிந்தசைசரும் வைத்துக்கொண்டு சறுக்குமரங்களில் ஏறி இறங்குகிற அணிகளை டிரம் கோர் என்று உன்னால் ஏற்கமுடியாது என்றும், எது அசல், எது போலி என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லித்தான் அழைத்துப்போவாய் என்றும் சொன்னாய். நீ மெல்லஃபோன் என்ற பித்தளை ஊதியை ஏந்தி மூன்று கோடைகள் மைதானத்தில் நடந்தவள். எனக்கோ இசைக்குறிப்பை வாசிக்கக்கூடத் தெரியாது. ஆனால் அந்த மூன்று கோடைகளிலும் உங்கள் அணியின் சமையல் லாரியில் நாளுக்கு நான்கு வேளை உணவு பரிமாறிவிட்டு, மாலையில் கையைத் துடைத்துக்கொண்டு அரங்கத்துக்குள் போய் எல்லா அணிகளையும் பார்த்தவன் நான். ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு அது, கண்ணம்மா. மற்ற அணிகள் ஆடும் நேரத்தில் நீங்கள் பெரும்பாலும் பயிற்சியிலோ பேருந்திலோ இருப்பீர்கள். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் கோடையான 2016-இல் எனக்கு மதிப்பெண் மட்டுமே கண்ணில் பட்டது. உங்களுக்கு மேலே வந்த ஒவ்வோர் அணியும் எனக்கு எதிரியாகத் தெரிந்தது. ஓஹாயோவின் கேன்டன் நகரத்து புளூகோட்ஸ் அந்த ஆண்டு வளைந்த பெரிய சறுக்குமேடைகளை மைதானத்தில் நிறுத்தி, தொப்பியும் இறகும் இல்லாமல், சறுக்கியபடியே ஊதியபோது, இது என்ன சர்க்கஸ் என்று பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவரிடம் கேட்டேன். எழுபதைத் தாண்டிய அவர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்து அழைத்துப்போய் இன்டியானாபொலிஸ் லூகாஸ் ஆயில் அரங்கத்தின் மேல்வரிசையில் உட்காரவைத்தார். கீழிருந்து பார்த்தபோது சிதறித் திரிந்தவர்களாகத் தெரிந்த அந்தப் பிள்ளைகள், மேலிருந்து பார்த்தபோது ஒரே அலையாக எழுந்து ஒரே அலையாக வழிந்து இறங்கினார்கள். அன்று இரவு அவர்கள் தங்கள் முதல் சாம்பியன் பட்டத்தை வென்றார்கள். பட்டத்தை நான் பெரிதாக எண்ணவில்லை. இருபது வரிசை ஏறியதும் ஓர் அணி எனக்கு வேறு அணியாக மாறியது என்பதுதான் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

அடுத்த இரண்டு கோடைகளிலும் அதையே ஒரு பழக்கமாக்கிக்கொண்டேன். எந்த அணியை எங்கிருந்து பார்க்கவேண்டும் என்று தேடித்தேடி இடம் மாறினேன். இல்லினாயின் காவலியர்ஸ் அணியை உயரத்திலிருந்துதான் பார்க்கவேண்டும்; அவர்களுடைய கலை டிரில்லில், நடந்தபடியே வரையும் வடிவங்களில், இருக்கிறது. ஒரு வடிவம் இன்னொன்றாக மடிந்து விரியும்போது கோலம் போடும் விரல்கள் நினைவுக்கு வரும். புள்ளி எங்கே வைக்கப்பட்டது என்று தெரியும், கோடு எப்போது இழுக்கப்பட்டது என்று மட்டும் தெரியாது. விஸ்கான்சினின் மேடிசன் ஸ்கவுட்ஸ் அணிக்கு நேர்மாறாகக் கீழ் வரிசைதான் சரியான இடம். பித்தளை ஊதிகள் முழுவதும் ஒரே வரிசையாகத் திரும்பி நம் முகத்துக்கு நேராக ஊதும்போது அந்த ஒலி காதைக் கடந்து விலா எலும்பில் வந்து விழவேண்டும். அவர்களுடைய பழைய ரசிகர்கள் காத்திருப்பது அந்த ஒரு நொடிக்காகத்தான். தென் கரோலினாவின் கரோலைனா கிரௌன் அணிக்கு நடுவரிசை போதும், ஆனால் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். அத்தனை பேர் ஓடிக்கொண்டே ஊதியும் ஒரே மூச்சாகக் கேட்கும் அந்தப் பித்தளை நாதத்துக்குப் படம் தேவையில்லை. சான்டா கிளாரா வேன்கார்டு அணியின் தாள வரிசையைக் கேட்க அரங்கமே வேண்டியதில்லை. ஆட்டத்துக்கு முன் வாகன நிறுத்தத்தில் அவர்கள் கையை இளக்கிக்கொள்ளும்போது சுற்றி நிற்கும் கூட்டத்தில் போய் நின்றாலே போதும். ஸ்நேர் முரசுகளின் குச்சிகள் எல்லாம் ஒரே உயரத்துக்கு எழுந்து ஒரே கணத்தில் விழுவதை இரண்டடி தூரத்தில் நின்று பார்த்த அன்று எனக்குப் பேச்சு வரவில்லை.

உன் தாத்தா வீட்டுத் திண்ணையில் நடந்த வாக்குவாதங்கள் எனக்கு அப்போது நினைவுக்கு வந்தன. மிருதங்கத்தில் பாலக்காடு மணி ஐயரின் தஞ்சாவூர் வழியா, பழனி சுப்பிரமணிய பிள்ளையின் புதுக்கோட்டை வழியா என்று இரவு பதினொரு மணிவரை சண்டை நடக்கும். ஆனால் அவர்களில் எவரும் மற்றவர் வாசித்தது மிருதங்கமே இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. அதற்குப் பாணி என்று பெயர் வைத்திருந்தார்கள். போலி என்று நீ சொன்ன சொல் எனக்கு உறுத்தியதற்குக் காரணம் அதுதான்.

இந்தப் பாணிகள் எங்கிருந்து வந்தன என்பதையும் உன் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும் என்பது என் ஆசை. முதல் உலகப்போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்களின் சங்கங்கள்தாம் இராணுவத்தின் பழைய பியூகிள் ஊதுகொம்பையும் முரசையும் வைத்துக்கொண்டு இதைத் தொடங்கின. பிறகு ஒவ்வோர் ஊரிலும் வேறுவேறு கைகள் பிள்ளைகளைத் திரட்டின. 1934-இல் நியூ ஜெர்சியில் தோன்றிய கேடட்ஸ் ஒரு கத்தோலிக்கத் தேவாலயத்தின் அணி. 1948-இல் சிகாகோவில் தோன்றிய காவலியர்ஸ் சாரணர் படையிலிருந்து வந்தது. புளூகோட்ஸ் காவலர்களைச் சிறப்பிக்கும் வகையில் அந்த நீலச்சட்டைப் பெயரைப் பெற்றது. 1957-இல் வயோமிங்கில் தோன்றிய ட்ரூப்பர்ஸ் அமெரிக்க மேற்கின் குதிரைப்படை உடைக்குப் பெயர்பெற்றது. ஞாயிற்றின் கதிர்போல அவர்கள் விரிகிற அந்த ஒரு வடிவத்துக்கு அரங்கம் இன்றும் எழுந்து நிற்கிறது. 1972-இல் விஸ்கான்சினின் வைட்வாட்டரில் டிசிஐ என்ற டிரம் கோர் இன்டர்நேஷனல் அமைப்பின் முதல் சாம்பியன் போட்டி நடந்ததிலிருந்து அவர்கள் ஒருமுறைகூட முதலிடம் பெற்றதில்லை. அதற்காக எவரும் அவர்களைக் குறைவாக நினைத்து நான் பார்த்ததில்லை. பிறந்த வீடு வேறாக இருக்கும்போது நடையும் வேறாகத்தானே இருக்கும்?

நீ அசல் என்று சொல்வதும் ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதான், கண்ணம்மா. தொடக்ககாலத்தில் நடுவர்கள் ஒவ்வொரு பிழைக்கும் 0.1 மதிப்பெண்ணைக் கழித்துக்கொண்டே போவார்கள். ஆகவே பிழையின்மைதான் அன்று பாணியாக இருந்தது. 1980களில் அந்த முறை போனதால்தான் துணிந்து புதியதைச் செய்யும் அணிகளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. இன்று நூறு மதிப்பெண்ணில் நாற்பது, ஆட்டம் நம்மை என்ன செய்தது என்பதற்கே போகிறது. நீ ஊதிய மெல்லஃபோனில் சுரம் மாற்றும் மூன்று வால்வுகள் இருந்தன. அதற்கு முந்திய தலைமுறைகள் ஒரு வால்வும் இரண்டு வால்வும் வைத்தே ஊதினார்கள். 2000 வரை பியூகிள்கள் ஜி சுதியில் மட்டுமே இருக்கவேண்டும் என்ற விதி இருந்தது. ஒலிபெருக்கி 2004-இல் வந்தது, சிந்தசைசர் 2009-இல் வந்தது. இந்த ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர், இத்தோடு டிரம் கோர் முடிந்தது என்று உண்மையான வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். அந்த வருத்தத்தை நான் மதிக்கிறேன். மின்னொலியின் கனத்தில் கான்ட்ரா என்ற பெரிய பித்தளை ஊதிகளின் இயல்பான அடிநாதம் மூழ்கிப்போகிற சில ஆட்டங்களைக் கேட்டபோது எனக்கும் வருத்தம்தான். அப்படிப்பட்ட இடத்தில் இந்த அணி இதைச் சரியாகக் கையாளவில்லை என்று சொல். அந்தக் குறை அதைக் கையாண்ட விதத்தில் இருக்கிறது.

ஸ்டார் ஆஃப் இன்டியானாவின் 1993 ஆட்டத்தின் பதிவை நாம் இருவரும் சேர்ந்து பார்த்தது உனக்கு நினைவிருக்கும். பார்பரும் பார்டோக்கும் எழுதிய கடுமையான இசை. கைதட்டலுக்காக எங்கும் நிற்காத, வெறுமையும் கூர்மையுமான அசைவுகள். அன்று கூட்டத்தின் ஒரு பகுதி அதை ஏற்கவில்லை. கேடட்ஸ் அணியிடம் வெறும் 0.1 மதிப்பெண்ணில் அவர்கள் தோற்றார்கள். அதோடு போட்டிக்களத்தையே விட்டுப்போனார்கள். பின்னால் வந்த எத்தனையோ ஆட்டங்களில் அந்தப் பன்னிரண்டு நிமிடங்களின் சாயலை நீயே எனக்குச் சுட்டிக்காட்டினாய். அன்று அரங்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பேண்டு ஆசிரியர், இது டிரம் கோர் இல்லை என்று தம் மாணவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைகள் எதை இழந்திருப்பார்கள் என்று எண்ணிப்பார்.

கலிபோர்னியாவின் புளூ டெவில்ஸ் அணியின் மேல் உனக்கு இருக்கும் மனக்கசப்பு எனக்குத் தெரியும். 2014-இல் 99.650 என்று இதுவரை எவரும் எட்டாத மதிப்பெண்ணைப் பெற்ற அணி அது. வென்றுகொண்டே இருப்பவரை நேசிப்பது எளிதில்லை. ஆனால் ஜாஸில் ஊறிய அந்த அலட்டிக்கொள்ளாத நடையையும், கடினமானதைக் கடினமாகக் காட்டாமல் கொடி சுழற்றி ஆடும் அவர்களுடைய கலர் கார்டு குழுவையும் ஒருமுறை பகைமை இல்லாமல் பார். அதேபோல ராக்ஃபோர்டின் ஃபேன்டம் ரெஜிமென்ட் 2008-இல் ஸ்பார்டகஸ் கதையை ஆடி, புளூ டெவில்ஸையே வெறும் 0.025 மதிப்பெண்ணில் வென்ற ஆட்டத்தையும் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டு. ஒன்று நெஞ்சைத் திறந்து கொட்டுவது, மற்றது அடக்கி நிறுத்துவது. இரண்டில் எதை நான் அதிகம் விரும்புகிறேன் என்று கேட்டால், எனக்கு எப்போதும் ரெஜிமென்ட்தான். அதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. உன் விருப்பத்தையும் நீ பிள்ளைகளிடம் மறைக்கவேண்டாம். ஆட்டங்கள் எல்லாம் முடிந்து பேருந்தில் திரும்பும்போது சொல், போகும்போது சொல்லாதே.

முடிந்தால் இடைவேளைவரை மைதானத்தின் நடுவிலுள்ள ஐம்பது யார்டு கோட்டுக்கு அருகே கீழ் வரிசையிலும், இடைவேளைக்குப் பிறகு மேலேயும் உட்காரும்படி நுழைவுச்சீட்டு எடு. இரண்டு மணிநேரம் முன்னதாகவே போய், வாகன நிறுத்தத்தில் தாள வரிசைகள் பயிற்சி செய்யும் இடங்களைச் சுற்றிவரச் செய். தேதி உறுதியானதும் எழுது. நானும் அம்மாவும் வருகிறோம். நாற்பது பிள்ளைகளுக்கு எலுமிச்சைச் சாதம் கிளறுவது எனக்குக் கைவந்த வேலைதான். அந்தப் பெரிய அண்டா இன்னும் காரேஜில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா